பழைய ஃபோனில் ஒரு அமானத்து

4 ஒக்டோபர், சனி

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தப் பக்கங்களிடம்தான் போல. ஜனவரியில் வங்கியில் வாப்பாவுக்குக் கொடுத்த டயரி இது. ஒன்பது மாதமாக அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்து வைக்கவும் படிவம் நிரப்பவும் தவிர யாரும் பேனை எடுத்ததில்லை. தன்னைப் பற்றி உட்கார்ந்து எழுதுவது பெருமையடிப்பு மாதிரிப் படுகிறது. ஆனாலும் வாயால் சொல்ல முடியாததை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்.

கட்டாரிலிருந்து என் கூடப்பிறந்த நானா பேசினார். போன கிழமைதான் வெளிவந்த ஃபோனாம், பின்பக்கம் மூன்று கமராவாம், எனக்கென்று சொல்லி வைத்துவிட்டாராம். "பழசைக் கொண்டுபோய் முஹ்ஸின்ட கையில குடு. அதில உள்ள எல்லாத்தையும் அவனே புதுசுக்கு மாத்தித் தருவான். நீ ஒண்டும் செய்யத் தேவல்ல."

உம்மாவுக்குச் சந்தோசம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முஹ்ஸின் நானாவோடு படித்தவர். சந்தியில் ஃபோன் கடை வைத்திருக்கிறார். சப்னாவின் புருஷன்.

5 ஒக்டோபர், ஞாயிறு

நேற்று எழுதாமல் நிறுத்தியதை இன்று எழுதுகிறேன்.

என் ஃபோனில் சப்னாவின் பதினொரு படங்கள் இருக்கின்றன. முதுகு. மேல்கை. காதுக்குப் பின்னால். ஒன்றில் மட்டும் முகம்.

முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவள். நான் கம்பசுக்குப் போனேன், அவளுக்குக் கலியாணம் நடந்தது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வந்தாள். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் பதினொன்றரைக்கு விட்டுவிடுவதால் நான் வீட்டில் இருந்தேன். அந்த ஒரு மணி நேரம் ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிவாசலில். தெருவில் பெண்கள் மட்டும்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் தூக்கினாள். கன்றிக் கிடந்தது. "ஒரு படம் எடு புள்ள" என்றாள். அவளுடைய நல்ல ஃபோனை முஹ்ஸின் பறித்துக்கொண்டு பட்டன் ஃபோன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஃபோன் கடைக்காரரின் பெண்சாதி.

போகும்போது சொன்னாள்: "இது உன்ட கையில அமானத்து."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு வேறென்ன இருக்கிறது? பிறர் நம்பி ஒப்படைத்தது. வெளியே சொல்லக்கூடாது, கைமாற்றக்கூடாது, கேட்கும்போது கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்தவளிடம் கேள்வியும் கேட்கக்கூடாது என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஆகவே "ஏன் இன்னும் அங்க இருக்கிறாய்?" என்று ஒரு வெள்ளிக்கிழமையும் கேட்டதில்லை. அமானத்தின் மரியாதையா, என் பயந்த சுபாவமா, தெரியவில்லை.

7 ஒக்டோபர், செவ்வாய்

ஃபோனின் பற்றரி வீங்கி முதுகுத் தகடு மேலே எழும்பிவிட்டது. ரப்பர் பேண்ட் இரண்டு போட்டிருக்கிறேன். முருங்கைக்காய்க் கட்டு மாதிரி இருக்கிறது என்கிறார் உம்மா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் "டீச்சர்ட ஃபோன் நல்லாச் சாப்பிடுது போல" என்று குசுகுசுத்தார்கள்.

வைத்திருந்தால் ஒருநாள் செத்துப்போகும், படங்களும் போகும். மாற்றினால் முஹ்ஸினின் கைக்குப் போகும்.

இரண்டில் எது?

10 ஒக்டோபர், வெள்ளி

சப்னா வந்தாள். இன்றைக்குப் படம் எடுக்க ஒன்றும் இல்லை. பிளேன்டீ குடித்தோம். புது ஃபோன் கதையைச் சொன்னேன்.

"எடு புள்ள," என்று சிரித்தாள். "மூணு கமராவுல நான் இன்னும் வடிவா விழுவன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும். பிறகு அவள் கேட்டாள்: "பழசு ஆர்ட கைக்குப் போகும்?"

அவளுக்கே விளங்கியது. கோப்பையை வைத்துவிட்டுத் தொழுகை முடிவதற்கு முன்பே போய்விட்டாள்.

12 ஒக்டோபர், ஞாயிறு

நானாவிடம் புதுசு வேண்டாம் என்றேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு மனம் நொந்துபோயிற்று. "எங்கட குடும்பத்தில முதல்ல டிகிரி முடிச்சவள் ரப்பர் பேண்ட் போட்ட ஃபோனோட திரியிறாள். எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். பிறகு சும்மா சொல்வது போல: "முஹ்ஸினும் மூண்டு தரம் கேட்டுட்டான், தங்கச்சி எப்ப வருவா எண்டு."

மூன்று தரம் ஏன்?

ஃபோனை நிறுத்தி, அலுமாரியில் மடித்து வைத்த பெட்சீட்டுக்கு நடுவில் வைத்துவிட்டேன்.

14 ஒக்டோபர், செவ்வாய்

பிரான்சிஸ்கா டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவர். கல்பிட்டியிலிருந்து வருகிறார். எனக்கு ஸ்டாஃப் ரூமில் வாயே திறக்காது. இன்று எப்படியோ, ஒரு கூட்டாளியின் பிரச்சினை என்று சொல்லி, கடைக்குக் கொடுக்காமல் ஃபோனிலுள்ள படங்களைக் காப்பாற்ற ஏலுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கூட்டாளியின் மெயிலை யார் திறந்து கொடுத்தது, பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

என்னுடைய பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது!

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த பழைய பெட்டியை இறக்கினேன். ஆறு வருடத்துக்கு முன், கம்பசுக்குப் போகும்போது நானா வாங்கித் தந்த இதே ஃபோனின் பெட்டி. மூடியில் நீல மார்க்கரால் என் மெயிலும் sumra123 என்ற பாஸ்வேர்டும். கீழே, மறந்தால் தகவல் போக வேண்டிய இலக்கம். அது முஹ்ஸினின் கடை ஃபோன் இலக்கம்.

அவருடைய கையெழுத்துத்தான். இந்த ஊரில் எல்லோருக்கும் அவர்தான் மெயில் திறந்து கொடுப்பார். எல்லோருடைய பெட்டியிலும் இப்படித்தான் எழுதியிருக்கும். யாரும் மாற்றுவதில்லை. நானும் மாற்றவில்லை. நாலு வருடம் படித்தேனே. எத்தனை அசைன்மென்ட். ஒருநாளாவது யோசிச்சனா?

15 ஒக்டோபர், புதன்

எழுத முடியுமா பார்ப்போம்.

இடைவேளையில் பிரான்சிஸ்கா டீச்சர் கணினி அறையைப் பூட்டினார். பெட்டியில் இருந்ததை வைத்து என் கணக்கைத் திறந்தார். நான் எடுக்கிற படமெல்லாம் தானாக அங்கேயும் போய்ச் சேருமாம். கம்பஸ் படங்கள் இருந்தன. விளையாட்டுப் போட்டி, உம்மாவின் கோழி, எல்லாம் திகதி வாரியாக இருந்தன. அந்தப் பதினொன்று மட்டும் இல்லை.

"ஆரோ அழிச்சிருக்கினம்" என்றார். வேறொரு ஃபோனிலும் என் கணக்கு திறந்து கிடந்தது. கடைசியாகத் திறந்தது திங்கட்கிழமை, 13ஆம் திகதி.

அப்படியென்றால் அவன் பார்த்துவிட்டான்.

அமானத்து என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஜூன் மாதத்திலிருந்து நான் அதை அவன்ட கடைக்குள்ளயே வச்சிருந்திருக்கன்.

டீச்சர் பாஸ்வேர்டை மாற்றினார். மற்ற ஃபோனை வெளியேற்றினார். இதனால் கடை இலக்கத்துக்குத் தகவல் போகும், அதைத் தடுக்க முடியாது என்றார். என் ஃபோன் நிறுத்திக் கிடந்தபடியால் அதில் படங்கள் அழியாமல் இருக்கலாம். இன்டர்நெட் போடாமல் நாளைக்குக் கொண்டு வரச் சொன்னார்.

இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது.

கதிரையில் இருந்து உம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மடியில் புதுப் பெட்டி. வாப்பா உப்பளத்தால் வந்து, முழங்கால் வரை உப்பு காய்ந்தபடி படியில் இருந்தார்.

"தங்கச்சிக்குக் கஸ்டம் எதுக்கு எண்டு நானே கொண்டு வந்தன். பழசைத் தாங்க."

"குடன் புள்ள, மனுசன் வெயில்ல வந்திருக்கு" என்றார் உம்மா.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் பயம். "அழுக்கா இருந்தாலும் பரவால்ல," என்றான். "நான் வடிவாத் துடைச்சிடுவன்."

"தர ஏலா."

என் குரல்தானா? உம்மா திரும்பிப் பார்த்தார்.

"அதுல ஒரு அமானத்து இருக்கு."

வாப்பா தலையைத் தூக்கினார். அமானத்தா என்று கேட்டார். ஓம் வாப்பா என்றேன். அவர் எழும்பி வந்து எனக்கும் கதிரைக்கும் நடுவில் நின்றார். "எண்டா விடுங்க தம்பி. அமானத்து எண்டு சொன்னதுக்குப் பொறகு கை நீட்டப்படாது."

"ஆர்ட அமானத்து எண்டும் கேக்க மாட்டீங்களா மாமா?"

"அதையும் கேக்கப்படாது. டீயைக் குடிங்க."

கடைசிச் சொட்டு வரை குடித்தான். புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தி வரை கேட்டது.

வாப்பா கால் கழுவப் போகும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அது பத்திரமா இருக்கா மகள்?"

"இல்ல வாப்பா."

குனிந்து காலில் காய்ந்த உப்பைச் சுரண்டினார். "வச்சிருக்க ஏலாட்டி உரிய ஆள்ட்ட குடுத்துடணும். எங்க எண்டு சொல்லு, நான் கூட வாறன்."

16 ஒக்டோபர், வியாழன்

ஆறு வீதம் சார்ஜ் காட்டியது. சிம்மைக் கழற்றிவிட்டு டீச்சர் வயரைச் செருகினார். ஒவ்வொரு படமாகப் பெயர்ந்தது. பத்தாவதில் திரை ஒருமுறை இருண்டு வந்தது. நான் கலிமாச் சொன்னேன். அவர் சிலுவை போட்டார்.

பதினொன்றும் வந்துவிட்டன. அவர் அறையிலிருந்த பிரின்டரிலேயே அச்செடுத்து, பார்க்காமல் கவிழ்த்தபடி கடித உறைக்குள் போட்டார்.

17 ஒக்டோபர், வெள்ளி

பாங்கு சொன்னார்கள். குத்பா முடிந்தது. தொழுகையும் முடிந்தது. கேற்றடியில் நின்றேன். சப்னா வரவில்லை.

18 ஒக்டோபர், சனி

உம்மா ஒரு தட்டில் வட்டிலப்பம் வைத்து மூடிக்கொண்டு சப்னா வீட்டுப் பக்கம் போனார். ஏன் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். சப்னா செவ்வாய்க்கிழமையே கனமூலைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாளாம். மாமியார் சொன்னாராம்.

"அந்த வீட்டுல குழாய்த் தண்ணிதான்" என்றார் உம்மா.

செவ்வாய். அவன் திங்கள் பார்த்தான்.

என்னால்தான்.

20 ஒக்டோபர், திங்கள்

நானாவுக்கு உள்ளதைச் சொன்னேன். சப்னா பெயரைச் சொல்லவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு: "அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல புள்ள. எனக்கு அவனைச் சின்னதில இருந்து தெரியும்."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

25 ஒக்டோபர், சனி

வாப்பாவோடு கனமூலைக்குப் போனேன். பஸ்ஸில் முழு வழியும் உறையை நெஞ்சோடு பிடித்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் இருமினாலும் திடுக்கிட்டேன்.

சப்னாவின் இடது கையில் முழங்கை வரை கட்டு. வாப்பா அதைப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

உறையைக் கொடுத்தேன். கொடுத்த மாதிரியே திருப்பித் தர முடியவில்லை, அவன் பார்த்துவிட்டான், என் பிழை என்று சொன்னேன்.

"தெரியும். ஒவ்வொண்டாக் காட்டித்தான் கேட்டான், ஆர் எடுத்தது எண்டு. உன்ட பேரு மேலயே இருந்திச்சி. எண்டாலும் என்ட வாயால சொல்ல வைக்கப் பாத்தான்."

"சொன்னியா?"

"சொன்னா கட்டு எதுக்கு?"

நான் அழுதேன். அவள் நல்ல கையால் என் தலையில் தட்டினாள். நாளைக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து பேசப் போகிறார்களாம். சேர்த்து வைப்பதற்கு.

அப்போதும் கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

26 ஒக்டோபர், ஞாயிறு

சப்னாவின் உம்மா என் உம்மாவுடைய ஃபோனுக்குக் கோல் எடுத்துச் சொன்னார். ஆம்பிளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது சப்னா உள்ளேயிருந்து வந்து, உறையை நடு மேசையில் வைத்துவிட்டுப் போனாளாம். அவளுடைய பெரியப்பா இரண்டு படம் பார்த்துவிட்டு மூன்றாவதைப் பார்க்காமல் மூடிவிட்டாராம். முஹ்ஸின் தேத்தண்ணி குடிக்கவில்லையாம்.

முடிவு: ஒரு மாதம் தாய் வீட்டில் இருக்கட்டும். பிறகு பார்த்து அனுப்பலாம்.

பிறகு பார்த்து அனுப்பலாமா?

1 நவம்பர், சனி

காலையில் ஃபோன் எழும்பவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு அதைப் பெட்டியிலேயே வைத்தேன், அந்த நீல எழுத்தோடு.

பிரான்சிஸ்கா டீச்சரோடு புத்தளம் ரவுனுக்குப் போய் வேறொன்று வாங்கினேன். நானா சொன்ன புதுசு இல்லை. ஒரு கமரா போதும். கடைப் பையன் "மெயில் திறந்து தாறன் மிஸ்" என்று பேனையைத் திறந்தான். வேண்டாம், நானே செய்வேன் என்றேன். என் குரல் கடைக்கு வெளியிலும் கேட்டிருக்கும். பாஸ்வேர்டை எதிலும் எழுதவில்லை. இந்த டயரியிலும் எழுதமாட்டேன்.

மத்தியானம் நானா கோல் எடுத்தார். நிறைய நேரம் வேறு கதை கதைத்தார். வைக்கும்போது, "அவளுக்குக் கை எப்பிடி இருக்காம்?" என்றார். அவ்வளவுதான்.

சந்தியால் வரும்போது இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவன் கடைக்குள் இருந்து பார்க்கிறான். பார்க்கட்டும் என்று எழுதலாம். பொய்யாகிவிடும். பயமாகத்தான் இருக்கிறது.

புது ஃபோனில் ஒரு படமும் இல்லை. முதல் செய்தியைச் சப்னாவின் பட்டன் ஃபோனுக்கு அனுப்ப வேண்டும். நாலு தரம் எழுதி நாலு தரமும் அழித்தேன். இங்கே எழுதிப் பழகிக்கொண்டு பிறகு அனுப்பலாம். அமானத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி நான் அதை வைத்திருக்கிறவள் இல்லை. கூட்டாளிதான். கூட்டாளி கேட்கலாம்.

சப்னா, அங்க திரும்பிப் போகாத.