பிந்தி விழும் அடி

ஜூன் 9
விருதுநகர். காலையிலிருந்து தும்மல். மாடியில் வயலினை எடுத்தாலே கீழே அண்ணன் கடையின் மிளகாய் வத்தல் நெடி ஏறி வந்துவிடுகிறது. கோபன்ஹேகனில் ஜாஸ் வாசிக்கும் கற்பகவல்லி தன் ஊர் இசைக்கு மரியாதை செய்யும் ஆல்பம் — இசை கம்பெனிக்கு எழுதி அனுப்பியபோது நன்றாகத்தான் இருந்தது. இதுவரை பதிவு செய்தது ஒன்றுமில்லை.

"நம்மூரு இசைன்னா எது? மைக் செட்டா?" என்று அண்ணன் கேட்டான். வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 13
கிடைத்துவிட்டது!

சாத்தூர் பக்கம் ஒரு கோயில் பொங்கல். பெத்தணன் என்பவரின் நையாண்டி மேளம். நாயனம் அவர், இரண்டு தவில், பம்பை, உருமி. மற்ற எல்லோரும் சேர்ந்து ஓர் இடத்தில் வந்து இறங்குகிறார்கள். உருமி மட்டும் ஒரு மூச்சு கழித்து விழுகிறது. தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு பிந்துகிறது. மேளமும் அதற்குக் காத்திருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளிக்காகவே கடைசிவரை நின்று கேட்டேன். இருபது வருடமாக ஜாஸில் நான் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

இது எங்கிருந்து வந்தது?

ஜூன் 19
சிவகாசி. உருமிக்காரர் செல்லப்பாண்டியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். பட்டாசுப் பெட்டிக்கான லேபிள்கள், சீசன் ஆர்டர், தலைக்கு மேல் வேலை.

"அடி ஏன் பிந்தி விழுது?"

"அது அப்படித்தேன் வரும்க்கா."

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"ஆமாக்கா."

ஆமாவா? மிஷின் சத்தம்.

ஆல்பத்தில் வாசிக்கச் சம்மதித்துவிட்டார்.

ஜூன் 22
ஆல்பத்தின் ஐந்து உருப்படிகளும் அந்தப் பிந்திய அடியின் மேலேயே நிற்கும். 'இருக்கன்குடி வட்டாரத்தின் பழைய தாளமரபு' என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன்.

ஜூலை 2
வேறு மூன்று மேளங்களைத் தேடிப் போய்க் கேட்டேன். இரண்டில் அடி நேராக விழுகிறது. சாத்தூர் இளவட்டங்களின் மேளம் ஒன்றில் மட்டும் பிந்துகிறது. வட்டாரத்து மரபு என்றால் எல்லோரிடமும் இருக்க வேண்டாமா? ஏன் இரண்டே இரண்டு மேளம்?

ஜூலை 5
மாடியில் ஒத்திகை. செல்லப்பாண்டிக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் நின்று மைக்கைச் சரிசெய்தேன். அப்படியே நின்றபடி வாசிக்கத் தொடங்கினேன். அவர் தொடங்கவில்லை. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லப்பாண்டி."

திரும்பவில்லை. இன்னொரு முறை, சத்தமாக. இல்லை.

முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குச்சியைக் கீழே வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் லோடு இறக்கப் போன இடத்தில் ஷெட் ஒன்று வெடித்திருக்கிறது. வலது காது அன்றோடு போயிற்று. இடது காதில் தொட்டிக்குள் யாரோ பேசுவதுபோலத்தான் கேட்குமாம். நாயனம் கேட்பதில்லை. பெத்தணன் அண்ணாச்சியின் விரலைப் பார்த்து அடிக்கிறார். பார்த்து, பிறகு அடி. அதுதான் அந்த ஒரு மூச்சு.

"மேளத்துல யாருக்கும் தெரியாதுக்கா. சொல்லிறாதீக. செவிட்டு உருமின்னு ஆகிப்போச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாக. இது இல்லாம எனக்கு என்னக்கா இருக்கு?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூலை 6
பழைய தாளமரபாம்! ஐயோ, என்னத்த எழுதி அனுப்பிச்சிருக்கேன் நான். ஒரு மனுசனுக்குக் காது போயிருக்கு, அத நான் ரசிச்சு ரசிச்சுக் கேட்டிருக்கேன்.

ஆனாலும் — இப்போதும் அது அழகாகத்தானே இருக்கிறது? அப்படித் தோன்றுவது தப்பா?

ஜூலை 9
பெத்தணன் அண்ணாச்சியிடம் போனேன். வாக்கை மீறவில்லை. சாத்தூர் மேளத்தில் ஏன் அடி பிந்துகிறது என்று மட்டும்தான் கேட்டேன்.

சிரித்தார். "அந்தப் பயலுக எங்களப் பாத்துக் காப்பியடிக்கானுக தாயி. எங்க உருமிக்காரன் பாத்துத்தான அடிக்கணும்? அவனுக்குத்தான் காது இல்லையே."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"எங்களுக்குத் தெரியாதாக்கும்? அவன் வந்து சேருற வரைக்கும் இழுத்துப் பிடிக்கோம். மொதல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு. பொறவு அதுவே நல்லாருந்துச்சு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"அவன் எங்ககிட்டச் சொல்லலையே. அவனாச் சொல்லட்டும்னு இருந்துட்டோம்."

ஆக, நான் மயங்கியது அவருடைய காயத்தில் மட்டுமில்லை. அவருக்காக மேளமே காத்திருந்ததில்.

ஜூலை 17
செல்லப்பாண்டி ஒத்திகைக்கு வரவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறார். மேளத்திலிருந்தே விலகிக்கொள்வதாக அண்ணாச்சிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாராம். என்னால்தான். எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எல்லோருக்கும் தெரியும் என்று பயந்திருப்பார்.

ஜூலை 18
அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு சிவகாசி போனேன். அச்சகத்துக்கு எதிரே டீக்கடை. அண்ணாச்சி செல்லப்பாண்டியின் இடது காதோரம் குனிந்து கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏலே, ரெண்டு வருசமா ஒன் கண்ணுக்குத் தெரியட்டும்னு நாயனத்தத் தூக்கித் தூக்கி வாசிச்சு என் கழுத்து போச்சுலே! இப்பப் போயி விலகுறேங்கிற?"

செல்லப்பாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகம் சிவந்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தீகளா? நான் ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துல்ல அடிச்சேன்!"

டீயைக் குடிக்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். "சொல்லியிருக்கணும்," என்றார்.

ஜூலை 20
செய்தி இல்லை.

ஜூலை 26
மாடிப்படியில் உருமியோடு செல்லப்பாண்டி. "பாட்டைப் பதிவு பண்ணுவோம்க்கா. ஆனா காது கேக்காதவன்னு எங்கயும் போடக்கூடாது. பாவம் பாத்துக் கேக்க வேண்டாம். உருமி, செல்லப்பாண்டி. அம்புட்டுத்தேன்."

"அண்ணாச்சி மேல கோவம்?"

"இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும்."

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். பழைய மரபு என்பதை அடித்துவிட்டு, மேளத்தார் பெயர்களை மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 8
ஐந்தையும் பதிவு செய்தாயிற்று. தூங்க வேண்டும்.

ஆகஸ்ட் 15
ஆடி கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயில். எங்கே பார்த்தாலும் தலை, மஞ்சள் சேலை, அக்கினிச்சட்டி. அண்ணாச்சி என்னையும் மேளத்துக்குள் இழுத்துவிட்டார். வயலினின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆற்றோரம் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் மேளம் இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்கும் உருமிக்கும் நடுவில் பத்துப் பதினைந்து பேர். உருமி நின்றுபோனது.

அப்புறம் தவிலையும் குலவையையும் மீறி செல்லப்பாண்டியின் குரல், ஊரே கேட்க:

"அண்ணாச்சி, தூக்கிப் பிடிங்க! எனக்குக் கேக்காதுல்ல!"

அண்ணாச்சி நாயனத்தைத் தூக்கினார். நானும் வயலின் வில்லைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். காத்திருந்தோம்.