கொலைகாரர் வீட்டில் படப்பிடிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, நீ எப்படியிருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. அப்பாவும் சிறையில் நலம், சொல்லப்போனால் நம் இரண்டு பேரையும்விட நலம், கன்னமெல்லாம் பூசினாற்போல் ஆகிவிட்டது. போன வாரம் பார்க்கப் போனால், மூன்று பேரைக் கொன்ற மனுஷன், பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடுகிறான், "அவனுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா" என்று என்னிடம் குறைப்படுகிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

இங்கே பெரிய சேதி, அவர் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள், அதுவும் நம் வீட்டிலேயே. அன்று நம்மைக் காலி பண்ணச் சொல்லிக் குதித்த வீட்டுக்காரர் இன்று வாசலில் நின்று படக்காரர்களை வரவேற்கிறார். தெருவில் பாதி வீட்டுக்குப் பூட்டுச் செய்து மாட்டியவர் அப்பாதானே, கள்ளச்சாவியோடு உள்ளே போனவரும் அவர்தானே, பிடிபட்ட அன்றே எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு பூட்டை மாற்றினார்கள். இப்போது அந்தப் பழைய பூட்டைத் தேடியெடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி கதவில் மாட்டியிருக்கிறார்கள், கேமராவுக்குக் காட்ட வேண்டுமே. "நாங்க மயிரிழையில தப்பிச்சோம்" என்று எதிர்வீட்டு டீச்சர் பேட்டி கொடுக்கிறாள். அவள் வீட்டுப் பூட்டு கடையில் வாங்கியது, எனக்குத் தெரியாதா.

நீயாக நடிக்கிற பெண் சாவிக்கொத்தைக் கண்டதும் வீடே அதிர அலறுகிறாள். பதினாறு வயதில் நீ அலறவில்லை, அந்தச் சாவிகளைக் கைக்குட்டையில் முடிந்து பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாய். அதை நான் சொன்னதற்கு, "அலறினாத்தாம்மா ஜனங்க பார்ப்பாங்க" என்றுவிட்டார் இயக்குநர்.

தலைவலி இனிமேல்தான். கடைசிப் பாகத்தில் நிஜ மகளையே அப்பா முன்னால் உட்கார வைத்துப் படம் பிடிக்க வேண்டுமாம். உன்னைத் தேட ஒரு ஆளைப் போட்டார்கள், அவன் உன் பழைய தோழிகளையெல்லாம் குடைந்து நீ இருக்கும் ஊர் வரைக்கும் மூக்கை நுழைத்துவிட்டான். அங்கே நீ புதுப் பெயரில் ஒரு சாதாரண நர்ஸ், அந்த நிம்மதி போய்விடுமே. அதனால் ஒரு காரியம் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். மாரில் அடித்துக்கொண்டு நடிப்பாகத்தான் அழ ஆரம்பித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை. "இன்னொரு தடவை அழுங்கம்மா, இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தலை" என்றார்கள், அழுதேன். தேடப் போனவனைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நேற்று அப்பாவிடமும் அதையே சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தா எப்படியிருக்கும்னு யாருக்குடி தெரியும்" என்று கதறினார். மூன்று வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீ பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. நானாகக் கூப்பிடும்வரை போன் செய்யாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
இந்த வீட்டின் இரண்டாவது கொலைகாரி,
உன் அம்மா