படகுத்துறைக் கழிப்பிடமும் ‘அவசரம்’ என்ற சொல்லும்

அனுப்புநர்:
கு. கல்யாணராமன் (வயது 73),
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
மட்டாஞ்சேரி, கொச்சி – 2.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
படகுத்துறை வசதிகள் பராமரிப்புப் பிரிவு,
எர்ணாகுளம்.

பொருள்: எங்கள் தெருக்கோடிப் படகுத்துறையில் பூட்டிக் கிடக்கும் கழிப்பிடத்தைத் திறக்கக் கோருதல் (வேலை கோருதல் அல்ல) – தொடர்பாக.

பார்வை: 1. நான் மலையாளத்தில் அனுப்பிய மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் தங்கள் அலுவலகத்துக்கு என் நன்றி. மனு போட்டால் பதில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது. அந்தப் பதிலால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

1. நான்கு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். மலையாளம் தடையில்லாமல் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் எழுத்து மலையாளமாகவும் சொல் தமிழாகவும் விழுந்துவிடும். இந்தக் குறைதான் இந்த மனுவுக்கே காரணம்.

2. எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அந்தச் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை. ஆண்மைச் சுரப்பைத் தின்றுதான் அது வளருமாம். அதைப் பட்டினி போட மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டார்கள். இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்று ஓர் அளவு பார்ப்பார்கள். முதலில் மளமளவென்று இறங்கிய அது, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. இன்னொரு ஊசி, இன்னொரு பரிசோதனை. அப்போதும் ஏறியது. ஊசி பலிக்கவில்லை என்று டாக்டர் அம்மாள் சொன்ன அன்று நான் பயந்தேன், ஐயா. மனுவில் இதை எழுதுவது முறையா என்று தெரியவில்லை. ஆனாலும் பயந்தேன். மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், “பேடிக்கண்டா சாரே, புறத்தேக்கு போயிட்டில்லா” என்றார். பயப்பட வேண்டாம், வெளியே போகவில்லை என்றார். வாசல் தாண்டாத பிள்ளை, உள்ளேயே பிடித்துவிடலாம் என்று நான் பொருள் செய்துகொண்டேன். இனிக் கதிர்வீச்சு கொடுப்பதென்று முடிவாயிற்று.

3. ஊசி நோயை அடக்கவில்லையே தவிர, மற்ற வேலையை ஒழுங்காகச் செய்தது. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சிவரை திடீரென்று அனல் ஏறும். சட்டை நனைந்துவிடும். முதல் தடவை நான் விசிறியைத் தேடியபோது என் மனைவி கனகாம்பாள், “அம்பது வயசுல நான் பட்டது இதுதாண்ணா. இப்போ தெரியறதா?” என்று கேட்டுச் சிரித்தாள். ஆண்களில் இந்த அனுபவம் கிடைக்கப்பெற்றவர்கள் குறைவு என்பதால் நானும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

4. கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் எர்ணாகுளம் போக வேண்டும். மருமகள் சுபாஷிணி காரில் அழைத்துப் போகத் தயார். சிகிச்சை தொடங்குமுன் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். தோப்பும்படி தாண்டிப் பாலத்தில் வண்டி நின்றது. எனக்கு அனல் ஏறியது. கூடவே மற்றதும் முட்டியது. இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. இனிப் படகுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நின்றால் காயல் காற்று அந்த அனலைத் தட்டிக்கொண்டு போய்விடும். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். சிகிச்சைக்குப் போகிறோம் என்ற நினைப்பே வராது. சொல்லப்போனால், இந்த வியாதி வந்த பிறகுதான் தினமும் படகில் போகும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

5. ஆனால் படகில் கழிப்பிடம் இல்லை. துறையில் இருக்கிறது. நல்ல கழிப்பிடம், ஓடு பதித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதும் பூட்டு தொங்கிற்று. அடுத்த ஆள் வரும்வரை திறக்க வேண்டாம் என்று உத்தரவாம். ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பது பழமொழி. தங்கள் அலுவலகத்துக்கு இப்படி எழுதுவது மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும். பழமொழியை நான் உண்டாக்கவில்லை.

6. கதிர்வீச்சுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பது மருத்துவமனை விதி. நிறைந்திருந்தால்தான் பக்கத்து உறுப்புகள் விலகி நின்று, கதிர் படவேண்டிய இடத்தில் மட்டும் படுமாம். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடித்துவரச் சொல்கிறார்கள். நானோ துறையில் தொங்கும் பூட்டை நினைத்து வீட்டில் தண்ணீரைத் தொடாமல் கிளம்பினேன். கருவி இயக்கும் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, “வெள்ளம் போரா”, அதாவது தண்ணீர் போதாது என்று எழுப்பி உட்கார வைத்தாள். அங்கே பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிகிச்சை முடிந்து போனார்கள். திரும்பும்போது, மருத்துவமனையில் சிறுநீர் கழித்துவிட்டே படகு ஏறினாலும், குடித்த தண்ணீர் பாதிக் காயலில் மீண்டும் கேட்கத் தொடங்கிவிடும். துறையில் இறங்கினால் பூட்டு. வீட்டுக்கு வேகமாக நடக்கவும் முடியாது, மெதுவாக நடக்கவும் முடியாது. வேட்டி நனைந்த நாளும் உண்டு. மறுநாள் மறுபடி தண்ணீர் குடிக்கவில்லை, மறுபடி உட்கார வைத்தார்கள். ஊசி கைவிட்ட பிறகு எனக்கு இருப்பது இந்தக் கதிர் ஒன்றுதான். அதையும் ஒரு பூட்டு தடுக்கிறது. இதுவே என் புகார்.

7. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இப்படி ஆகும் என்று ஊகித்துத்தான் பார்வை 1-இல் கண்ட மனுவை அனுப்பினேன். அதில் ‘அடியந்தரம்’ என்று எழுதியிருக்க வேண்டும். மலையாளத்தில் அதுதான் விரைவைக் குறிக்கும் சொல் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இறந்தவருக்குப் பதினாறாம் நாள் நடத்தும் சடங்குக்கும் விருந்துக்கும் அதுவே பெயர் அல்லவா? நான் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதியதைக் கேட்ட கனகாம்பாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “உடம்பு சரியில்லாதவா கையால அந்த வார்த்தையை எழுதப்படாது” என்று பேனாவையே பிடுங்கிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்று தமிழில் நாம் சொல்லும் ‘அவசரம்’ என்பதையே மலையாள எழுத்தில் எழுதினேன். பொருள் வரியில், கழிப்பிடத்துக்கு மலையாளச் சொல்லைப் போட்டு, ‘சௌசாலயம் – அவசரம்’ என்றும், உள்ளே ‘எனக்கு அவசரம் மிகுதி, தயவுசெய்து அனுமதிக்கவும்’ என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

8. மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. தட்டச்சர் புத்திக்கு அது அப்போது எட்டவில்லை. தங்கள் பதில் வந்தது. சுபாஷிணிதான் எங்கள் வீட்டில் மலையாளம் நன்றாகப் படிப்பவள். அவள் வாசித்தாள்: கழிப்பிடப் பராமரிப்பாளர் பணிக்குத் தற்போது அவசரம் இல்லை. தங்களுக்கு வயது வரம்பும் கடந்துவிட்டது. இனி அவசரம் வரும்போது பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்கப்படும்.

எனக்கு எப்போது அவசரம் வரும் என்பதைப் பத்திரிகையில் அறிவிப்பார்களாம்! நான் சிரித்தேன். கனகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுபாஷிணியால் மீதியை வாசிக்கவே முடியவில்லை. ஊசி பலிக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மெல்லப் பேசி, மெல்ல நடந்துகொண்டிருந்தோம். அன்று அது உடைந்தது. மேலே கண்ட நன்றி இதற்காகவே. கேலி இல்லை.

9. துறையில் சாயாக்கடை வைத்திருக்கும் இசக்கிதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் நிலையைப் பார்த்து, “சாமி, நீங்க ம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்ட ஒடச்சிருதேன்” என்றார். அரசாங்கப் பூட்டு, கூடாது என்று தடுத்தேன். “அப்பம் சாவியக் கேட்டு வாங்குங்க. கடை தெறந்திருக்க நேரமெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், தண்ணியும் ஊத்துதேன்” என்கிறார். எனக்கு மட்டுமல்ல, அங்கே மீன்கூடை இறக்கும் பெண்களும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு மனு எழுத நேரமில்லை. ஆகவே அவர்கள் பெயரிலும் இதை ஏற்றுக்கொள்ளவும்.

10. எனவே, மேற்படி கழிப்பிடத்தை உடனே திறந்துவிட வேண்டுகிறேன். புதிய ஆளை நியமிக்கத் தாமதமானால், அதுவரை திறவுகோலை இசக்கிதுரையிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கலாம். அதுவும் விதிக்கு ஒவ்வாது எனில் என்னிடமே கொடுங்கள். தாங்கள் முன்பு நினைத்ததுபோல் நான் அந்த வேலைக்கே விண்ணப்பித்ததாக இருக்கட்டும். சம்பளம் வேண்டாம். வயது வரம்பை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும். முதல் படகுக்குத் திறந்து, திரும்பி வந்ததும் நானே கழுவிவிடுவேன். அவசரம் உள்ளவனுக்குத்தானே, ஐயா, அவசரம் கொடுக்க வேண்டும்?

மறுபடி பிழை நேரக்கூடாது என்று இம்முறை தமிழிலேயே எழுதி, சுபாஷிணி செய்த மலையாள மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். அதன் பொருள் வரியில் ‘அடியந்தரம்’ என்றே இருக்கும். எழுதச் சொன்னது கனகாம்பாள்தான். “இருக்கட்டும், அதையே போடு. அப்போதான் கதவைத் திறப்பா” என்றாள்.

அச்சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தாங்கள் அறிந்ததே. முதல் பொருளை மட்டும் கருத்தில் கொண்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இரண்டாவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அவசரம் இல்லை.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 17.11.2025

தங்கள் பதிலையும் திறவுகோலையும் எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கு. கல்யாணராமன்

இணைப்பு: மலையாள மொழிபெயர்ப்பு.