ஒரு நிமிட இறுதி ஆட்டம்

மார்ச் 4

எழுத்தாளர் அம்மாளுக்கு,

நலம். உன் நலம் தயாரிப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நம் கதையை நாவலாக எழுதினாய், பொறுத்துக்கொண்டேன். அது படமாகிறது, நடிக்கிற ஜோடிக்கு பேட்மிண்டன் சொல்லிக்கொடு என்றார்கள், அதற்கும் வந்துவிட்டேன். ஆனால் உன் திரைக்கதையைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மூன்று கேம் போன இறுதி ஆட்டம் ஒரே நிமிடமா? அதிலும் அந்தப் பெண் பாயிண்டுக்குப் பாயிண்ட் பின்னால் திரும்பி அவனைப் பார்க்கிறாள். நெட் அருகே நிற்கிறவள் திரும்பினால் ஷட்டில் பட்டு மூக்கு பெயர்ந்துவிடும்.

டைரக்டரிடம் சண்டைக்குப் போனேன். "சார், எழுதினது உங்க வீட்டம்மாதான்" என்று கையை விரித்துவிட்டார்.

எப்போது வீட்டுக்கு வருகிறாய்? ஆறு மாதமாக யோசிக்கிறாய்.

உன் கணவன்

மார்ச் 11

கோச் அவர்களுக்கு,

கடிதம் கண்டேன். என் நலத்துக்கு ஒரு வரி, மீதியெல்லாம் பாயிண்ட் கணக்கு. நீங்கள் மாறவே இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள் காதலைப் பார்க்க வருகிறார்கள். ஸ்கோரைப் பேப்பரில் பார்த்துக்கொள்வார்கள். அவள் திரும்பிப் பார்ப்பது இருக்கட்டும். அது நான் ஆசைப்பட்டு எழுதியது.

நடிக்கிற அந்தப் பெண்ணைப் பயிற்சியில் வறுத்தெடுக்காதீர்கள். தோள்பட்டை வலி என்று எனக்குப் போன் போட்டு அழுகிறாள்.

இன்னும் யோசிப்பவள்

மார்ச் 15

ஏய்,

போன் செய்தால் எடுக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன். எட்டு வருடம் ஜோடியாக ஆடினோம். ஒரு நாளாவது என்னைத் திரும்பிப் பார்த்தாயா? தலைக்கு மேல் போகிற ஷட்டிலை எனக்கு விட்டுவிட்டு நீ பாட்டுக்கு நிற்பாய். அதைவிடப் பெரிய காதல் வசனம் உண்டா? ஆட்டத்தை முழுசாகக் காட்டு. ஜனங்களுக்குப் புரியும்.

இன்று அந்தப் பெண் கேட்டாள்: "அவர் பின்னால இருக்காரான்னு எப்படி சார் தெரியும்?"

"ஷூ சத்தம் கேக்கும்மா. இருக்கிற ஆளை எதுக்குத் திரும்பிப் பார்க்கணும்?" என்றேன். சரிதானே?

வந்துவிடேன். வீடு வீடாக இல்லை.

உன்னவன்

மார்ச் 22

உங்களுக்கு,

சரிதான். டைரக்டரிடம் மல்லுக்கட்டி இறுதி ஆட்டத்தை இருபது நிமிடமாக்கிவிட்டேன். அவள் இனி திரும்பமாட்டாள்.

கோர்ட்டில் உங்கள் ஷூ சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டில்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். நீங்கள் டோர்னமெண்ட் முடிந்துதான் வந்தீர்கள். அந்த ஏக்கத்தைக் கொண்டுபோய் ஆட்டத்துக்குள் எழுதிவிட்டேன். ஆட்டத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

படத்துக்கு எவ்வளவு விளையாட்டு வேண்டும் என்றுதானே சண்டை? முழுக்க வேண்டும். நம் இருவருக்குள் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

யோசித்து முடித்துவிட்டேன். நான் வரவில்லை.

ஆட்டத்தில் உங்கள் ஜோடி