பேனரில் உள்ள பதினாறு டன்னை எட்டாகக் குறைக்கக் கோருதல்

அனுப்புநர்:
க. முருகவேல், தோட்டக்கலைப் பட்டயம்,
மேல்கொட்டாய், கல்வராயன்மலை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்,
வெள்ளிமலை.

பொருள்: என் தந்தை கரியனின் மரவள்ளி விளைச்சல், ஏக்கருக்குப் பதினாறு டன் என்று பேனரில் உள்ளதைத் திருத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. தங்கள் அலுவலக வாசலில் என் தந்தையின் படத்துடன் பேனர் வைத்ததற்கு நன்றி. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படம் நன்றாக இருக்கிறது. எண்தான் தவறு.

2. தங்கள் விளைச்சல் கணக்கு எழுதப்படும் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. மரவள்ளி பத்து மாதம் மண்ணில் இருக்கும். அதற்குப் பசலி தெரியாது. சென்ற ஆண்டு ஜூனில் மழையால் மலைப்பாதை சரிந்து லாரி ஏறவில்லை. ஜூலையில்தான் கிழங்கு பிடுங்கினோம். உடனே மறுநடவு செய்து, இந்த ஆண்டு ஜூனில் மறுபடி பிடுங்கினோம். இரண்டும் பசலி 1434-இல் விழுந்துவிட்டன. எட்டும் எட்டும் பதினாறு. கூட்டல் சரி, யார் மேலும் குற்றமில்லை. ஆனால் பசலி 1433-இல் எங்கள் நிலத்தில் ஒரு கிழங்குகூட இல்லை என்று ஆகிறது. அப்போது செடி என் தலைக்கு மேல் நின்றது.

3. இதில் அவசரம் என்னவென்றால், பக்கத்து நிலத்துப் பச்சையம்மாள் அந்த பேனரைப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டு சாமை விதைக்காமல் மரவள்ளி நடப் போகிறார். "இன்னா கரியண்ணா, கெழங்குக்கு இன்னா போட்ட? வூட்டுக்குள்ளயே வச்சிக்கினு சொல்ல மாட்றியே" என்று தினமும் கேட்கிறார். விளைந்தது எட்டுதான் என்றேன். "பேனர்லயே போட்டுக்கீது. நீ படிச்சவன், மறைக்கிற" என்கிறார். விதைச் சாமையில் பாதியை இடித்துச் சமைத்தும் விட்டார். மீதியை என் அம்மா கெஞ்சி வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருக்கிறார்.

4. அவருடையது கல் கலந்த சரிவு நிலம். அதில் எட்டு டன்னே வராது. சாமை போட்டால் வீட்டுக்குச் சோறாவது வரும். விதைப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

5. எனவே எண்ணை உடனே எட்டு என்று மாற்றவும், இனி விளைச்சல் கணக்கில் பசலியோடு நட்ட மாதத்தையும் பிடுங்கிய மாதத்தையும் சேர்த்து எழுதவும் வேண்டுகிறேன். நான் சொன்னால் பச்சையம்மாள் நம்பமாட்டார். பேனர் சொன்னால் நம்புவார்.

6. தந்தையிடம் கேட்டுவிட்டேன். "எட்டே ஜாஸ்திதான்டா, அதையே போடச் சொல்லு" என்றார். ஆகவே படத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

இடம்: மேல்கொட்டாய்
நாள்: 18.07.2025

இப்படிக்கு,
க. முருகவேல்

மேற்கண்டது உண்மை: கரியன் (கைநாட்டு)