அப்பாவுக்குத் தெரியாத பொத்தான்

என் அன்புச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், கார் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். குழந்தையின் இருமல் நின்றதா என்று மறக்காமல் எழுது.

காரைச் சொன்னேன் அல்லவா, இரண்டு மாதத்துக்கு முன் அப்பா அதைக் கேஸில் ஓட வைத்துவிட்டார். டிக்கியில் பாதியை ஓர் உருளைத் தொட்டி பிடித்துக்கொண்டது, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தானும் குட்டி விளக்குகளும் வந்தன. மெக்கானிக் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார். வண்டி எப்பவும் பெட்ரோல்லதான் கிளம்பும், எஞ்சின் சூடானதும் தானா கேஸுக்கு மாறிக்கும், அதனால பெட்ரோல் டேங்கைக் காயவிட்டுடாதீங்க சார் என்றார். அடுப்பு நிறைய விறகு இருந்தாலும் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. அப்பாவோ தெரியும் தெரியும் என்று தலையை ஆட்டியபடி புதுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவள் நான், எது புரிந்த தலையாட்டல், எது மணி அடிக்கக் காத்திருக்கும் தலையாட்டல் என்று எனக்குத் தெரியாதா? பழைய உறை ஒன்றின் முதுகில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று நான் எத்தனை வருஷமாகக் கேட்கிறேன் என்பது உனக்குத் தெரியும். உனக்கெதுக்கு இந்த வம்பு, நான்தான் இருக்கேனே என்பார். போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, கார் வாசலில் சும்மா நிற்க, நான் பத்து நாள் மழையில் நடந்து போய் மருந்து வாங்கி வந்தேன். அது மனதில் கிடந்தது. அவர் பெட்ரோல் பக்கமே திரும்பாததைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கேட்காத பிள்ளையைப் பரீட்சைதான் திருத்தும்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. மேல்வீட்டுப் பல் டாக்டரம்மாவின் வண்டி பஞ்சர். வாங்க, நம்ம கேஸ் வண்டியில ஜம்முன்னு கொண்டுபோய் விடறேன் என்று அப்பா அவரை ஏற்றிக்கொண்டார், முன்சீட்டில் நானும். சாவியைத் திருகினால் வண்டி கனைத்ததே தவிரக் கிளம்பவில்லை. இறங்கி பானெட்டைத் திறந்தார், மூடினார், டயரை ஓர் உதை விட்டார். பின்சீட்டிலிருந்து டாக்டரம்மா, பல்லுன்னா பிடுங்கிடுவேன் சார், வண்டிக்கு நான் என்ன பண்ண, அங்க ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரே என்றார். அப்பா கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் இடத்தில் நான் நகர்ந்து உட்கார்ந்தேன். பெட்ரோல் தீர்ந்த அவசரத்துக்கு மட்டும் மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருந்தார்: பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருகினால் நேரே கேஸிலேயே கிளம்பும். கிளம்பியது! அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடியில் கிடந்த பெட்ரோல் முள்ளைக் காட்டினேன். பெட்ரோல் இல்லாம எப்படிச் செஞ்சே என்றார். ஓட்டக் கத்துக்குடுங்க, லைசென்ஸ் கைக்கு வர்ற அன்னைக்குச் சொல்றேன் என்றேன். சரின்னு சொல்லிடுங்க சார், அங்க வீக்கம் ஏறுது என்று டாக்டரம்மாவும் சேர்ந்துகொண்டார். வரும் வழியில் பெட்ரோல் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

பழகுநர் உரிமம் வந்து மூன்று வாரமாகக் காலி மைதானத்தில் ஓட்டுகிறேன். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலி என்கிறார். தினமும் இறங்கும்போது, இன்னைக்காவது சொல்லேன் என்று கெஞ்சல். நான் மூச்சு விடுவதில்லை.

இனி எழுதுவது உன்னோடு இருக்கட்டும். நேற்று நான் மட்டும் பட்டறைப் பக்கம் போனேன். பேச்சுவாக்கில் மெக்கானிக், அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே சார் வந்து அந்த அவசர வழியைக் கேட்டுட்டாரேம்மா, சீட்டுல எழுதி வேற வாங்கிட்டுப் போனார் என்றார். வீட்டுக்கு வந்தேன். இன்னைக்காவது சொல்லேன் என்றார் அப்பா, சாவியை என்னிடம் நீட்டியபடி. முடியவே முடியாது என்றேன்.

பதினான்காம் தேதி பரீட்சை, இந்த முறை எனக்கு. நீ வரும்போது ஒரே பெட்டியோடு வா, டிக்கியில் அதற்குத்தான் இடம். விமான நிலையத்தின் நிலத்தடி நிறுத்தத்தில் கேஸ் வண்டியை விடமாட்டார்களாம், வெளியே திறந்தவெளியில் நிற்போம். மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். காரைக் கண்டதும் அப்பாவைப் பக்கத்து இருக்கையில் தேடு.

ஸ்டியரிங் பக்கம் இருக்கப்போகும்,
உன் அம்மா