மூன்று பேருக்குத் தெரிந்த பேச்சு

அக்கா,

ராசிபுரம் கடைவீதியில் மின்சாரக் கம்பம் நடும் வேலை நடக்கிறது. இன்று மத்தியானம் வெயிலில் நின்று, குழி ஆழம் போதாது என்று ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க் கடையில் வெண்ணெய் உருக்கினார்கள். கொதி அடங்குகிற நேரத்தில் முருங்கை இலையை உருவிப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அந்த வாசனை வந்ததும், திட்டிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றுவிட்டது.

"என்னுங்க சார், ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லை. குழியை வெட்டச் சொல்லுங்க" என்றேன்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நீ போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேச இங்கே எனக்கு ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நெய் வாசனை என்றால் எனக்குச் சாப்பாடு நினைவுக்கு வராது. உன் மகள் பாவாயிக்காக நாம் ஏறி இறங்கிய வாசல்கள்தான் வரும். பெரிய மனுசர் வாசலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது உன் சட்டம். ஒரு இடுப்பில் பிள்ளை, இன்னொரு கையில் நெய்ச் செம்பு. பின்னால் நான், குடையும் எரிச்சலுமாக.

பாவாயிக்குப் பேச்சு வரவில்லை. வயது ஏற ஏற ஊரே கூடி ஒரு முடிவுக்கு வந்தது: நாக்கில் கோளாறு. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். மாரியம்மனுக்கு வெள்ளியில் நாக்கு செய்து போட்டாய். அடிநாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் கொட்டும் பேச்சு என்று ஒருவர் கத்தியோடு வந்தார். நல்லவேளை, பாவாயி அவர் விரலைக் கடித்துவிட்டாள். வருஷக்கணக்காக ஒன்றுமறியாத அந்த நாக்குக்கே வைத்தியம் பார்த்தோம். நானும் அப்போது பட்டணத்தில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டு, 'நாக்கு எப்படி இருக்கிறது?' என்றுதான் கடிதத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காது என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. பாரவண்டி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் வாசலுக்கு ஓடுகிறவள் அவள்தான். "செவிடா இருந்தா வண்டி வாரது எப்புடிடா தெரியும்?" என்று பாவாயியின் அப்பாவான மாமா என்னை மடக்கினார்.

படிப்பு முடிந்து நான் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு காலையில், புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். கட்டுத்தறியில் கன்று துள்ளியது. உள்ளேயிருந்து நீ ஓடி வந்தாய். பாவாயி கொட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளைத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில், கால் தரையில் படாமல் உட்கார வைத்து, பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டியைத் தெருவில் ஓட்டச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. இத்தனை நாளும் வண்டியை அவள் உள்ளங்காலால் கேட்டிருக்கிறாள்.

"நாக்குல ஒண்ணுமே இல்லக்கா. காது!" என்று கணக்குப் போட்டு முடித்தவன் மாதிரி கத்தினேன்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "செரி சாமி. காதுக்கு என்ன பண்றது?"

நீ உள்ளே போய், மாடத்திலிருந்த வசம்பை எடுத்துக் குப்பையில் எறிந்தாய்.

பிறகுதான் வாசல் ஏறும் படலம் தொடங்கியது. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறவிச் செவிடு, மருந்தில்லை, வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நீ நெய்ச் செம்பை நீட்டினாய். "இதெல்லாம் வேண்டாம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனுசர் என்று எனக்குப் பட்டது. வெளியே வந்ததும் நீ தூணைப் பிடித்துக்கொண்டு, "நெய்ய வாங்க மாட்டேன்னுட்டாரே. கைய உட்டுட்டாருடா" என்றாய்.

தாலுகா ஆபீசில் இருந்தவர் வாங்கிக்கொண்டார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சர்க்காரில் என்ன ஏற்பாடு என்று கேட்டேன்.

"இருக்குதே! ஜனக் கணக்கு எடுக்கறப்போ செவிடு ஊமைன்னு தனியா எழுதிக்குவோம்" என்றார்.

"எழுதிக்கிட்டு?"

"எழுதிக்குவோம்" என்றார் மறுபடியும்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாய்.

வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் காதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து நீ கையால் பேச ஆரம்பித்திருந்தாய். பால் கறக்கிற மாதிரி விரலை இழுத்தால் பால். அதுவே வெள்ளை நிறத்துக்கும். மீசையை முறுக்கினால் அப்பா. நான் எந்நேரமும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததால் திருப்புளி திருகுகிற கைதான் மாமன். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் நீ. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து நிமிர்ந்தால் ஒரு ராத்திரி போய் ஒரு நாள். நான் ஊரில் வேலை தேடிக்கொண்டு சும்மா இருந்த அந்த வருஷத்தில், பாதியை நீ செய்தாய், பாதியை அவள் செய்தாள், நான் ஓரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மாமாவுக்கு அது பிடிபடவில்லை. "மூணு பேரும் என்னமோ கொசு ஓட்டறீங்க" என்பார்.

ஒருநாள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது நீ தலை நிமிராமல் கேட்டாய்: "ஏன்டா, எனக்கப்புறம் இவ பேச்சு யாருக்குத் தெரியும்?"

"நானிருக்கேன்."

"உனக்கப்புறம்?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாத இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். எழுந்து போய்விட்டேன்.

வழி சொன்னது சேலம் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ராசிபுரத்துப் பெண் ஒருத்தி. மடியில் பட்டுச் சேலை மூட்டை. நீயும் பாவாயியும் கையால் பேசிக்கொண்டு வந்ததை வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, புள்ளைக்குக் காது கேக்காதுங்களா?"

"ஆமாங்க."

"எங்கூட்டுக்காரரு பட்டணத்துல கடைக்குச் சேலை போடற தெருவுல ஒரு பள்ளிக்கூடம் இருக்குதுங்க. பூரா இந்த மாதிரிப் புள்ளைங்கதானாம். எழுதறது படிக்கறது எல்லாஞ் சொல்லிக் குடுக்கறாங்களாம்."

சேலத்தில் யாருக்கோ கொண்டுபோன நெய்ச் செம்பை நீ அங்கேயே அவள் மடியில் வைத்துவிட்டாய். "ஐயோ, எனக்கெதுக்குங்க!" என்று அவள் பதறினாள். நம்மிடம் நெய் வாங்கியவர்களில் காரியம் செய்து கொடுத்தது அவள் ஒருத்திதான்.

தெருப்பெயரை விசாரித்து எழுதிப் போட்டேன். கோடை விடுமுறை கழித்து அழைத்து வரலாம், இனியும் தாமதித்தால் வயது தாண்டிவிடும் என்று பதில் வந்தது. இப்போது மாமா மறித்தார்.

"பொட்டப்புள்ளையக் கொண்டுபோயிப் பட்டணத்துல உட்டுட்டு ஊருக்குள்ள நான் எப்புடி நடக்கறது? சோறு போட வக்கில்லாமத் தள்ளிட்டான்னு பேசுவாங்க."

"பேசறவங்க நாளைக்கு வந்து இவளுக்குச் சோறு போடுவாங்களா மாமா?"

"படிச்சவனுக்கு வாய் நீளம்" என்றார். பிறகு, "கருப்பணார்கிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தா நானே கொண்டுபோயி உட்டுட்டு வாரேன். செவப்பு வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை என்றால் உத்தரவு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் கிணறு வெட்டுவதும் நம் பக்கத்தில் அப்படித்தான் முடிவாகும். கிணறு வேறு, இது வேறு என்று நான் குதித்தேன்.

நீ என் கையைக் கிள்ளினாய். "சும்மா இரு சாமி. பொட்டலம் நான் கட்டறேன்."

ஈரச் சேலையோடு வந்து பொட்டலங்களை வைத்தாய். எடுக்க வேண்டிய குழந்தை பாவாயியே. "எடு தாயி" என்றார் பூசாரி. அவளுக்கு என்ன தெரியும்? உன் முகத்தைப் பார்த்தாள். நீ கையைக் காட்டினாய். ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. மாமா கண்ணில் தண்ணீரோடு மண்ணில் விழுந்து கும்பிட்டார். மற்றப் பொட்டலத்தை நீ எடுத்து மடியில் செருகிக்கொண்டாய்.

திரும்பும்போது மாமா முன்னால் வண்டி ஓட்டினார். பாவாயி உன் மடியில் தூங்கிவிட்டாள். நீ என்னைப் பார்த்து வலக்கையால் பால் கறந்தாய். பிறகு இடக்கையாலும் கறந்தாய். இரண்டும் வெள்ளை!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னடா சிரிப்பு?" என்று மாமா திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"சாமி உத்தரவு குடுத்திருக்குது, இவனுக்கு இளிப்பு!"

நீ சிரிக்கவில்லை. பாவாயியின் தலையில் கை வைத்து, பின்னால் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். வெள்ளை வந்துவிடக் கூடாது என்று நம் மூன்று பேரில் அதிகம் ஆசைப்பட்டவள் நீதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்து வாசல். மாமா பணிவாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நீயும் இங்கேயே தங்குவாய் என்று பாவாயி நினைத்திருந்தாள். மாதம் என்பதற்கு நம்மிடம் கை இல்லை. ஒரு ராத்திரிக்குத்தான் இருந்தது. நீ மண்டியிட்டு, கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்தாய், நிமிர்ந்தாய். மறுபடி சாய்ந்தாய், நிமிர்ந்தாய். மறுபடியும். எத்தனை ராத்திரி போனால் அம்மா வருவாள் என்று அத்தனையையும் காட்டித் தீர்க்கப் பார்த்தாய். பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவாயி கணக்கு வைக்க முயன்று, பாதியில் தளர்ந்து, உன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஊருக்கு வந்த பிறகு நீ பேசுவது குறைந்தது. என்னைப் பார்த்தால் மட்டும் கை அசையும். எனக்கு மேட்டூரில் வேலை கிடைத்துப் போனதும் அதுவும் உனக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த வருஷமே காய்ச்சல். தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பாவாயியிடம் சொல்ல நான் போனேன். எழுதிக் காட்டலாமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். நானே சொல்கிறேன் என்றேன். ஓடி வந்தாள். மூக்கின் பக்கத்தைத் தொட்டு, எங்கே என்று கையை விரித்தாள். சாவுக்கு நாம் கை செய்து வைக்கவில்லை, அக்கா. எத்தனையோ செய்தோம், அது மட்டும் தோன்றவில்லை. கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தேன். நாள் எண்ணத் தொடங்குகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் நிமிரவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். தன் விரலால் என் மோவாயைத் தூக்கி நிமிர்த்தினாள். நான் மறுபடி சாய்த்தேன். மறுபடி தூக்கினாள். மூன்றாவது முறை அவள் தொடவில்லை.

இந்தக் கோடை லீவுக்கு அவளை நான்தான் ரயிலில் அழைத்து வந்தேன். வளர்ந்துவிட்டாள். உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுகிறாள். மாமாவுக்குப் பலகையில் எழுதிக் காட்டுகிறாள். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். வகுப்பில் வாயால்தான் பேசப் பழக்குகிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்குள் கைப்பேச்சு தனியாக ஓடுகிறதாம். அதை எனக்குச் செய்து காட்டினாள். மின்னல் வேகம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நம் கையில் ஏதோ சொன்னேன். மழலையைப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டு, என் விரல்களை மடக்கித் திருத்தினாள். அங்கே அம்மாவுக்கு வேறு கை. மாமனுக்கும் வேறு. பழையவற்றில் பலதும் அவளுக்கு மறந்துவிட்டது. விடுமுறை முடியும் முன்பே, தோழிகளிடம் போக வேண்டும் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அன்று கடலைக்காயை வைத்துக்கொண்டு நீ கேட்டதற்கு இதுதான் பதில். அவள் பேச்சு தெரிந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடம் நிறைய இருக்கிறார்கள். எனக்கப்புறமும் இருப்பார்கள். நீ கட்டிய பொட்டலம் வீண் போகவில்லை.

உன் பேச்சு தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். அதைப் பேச எனக்கு எதிரில் ஆள் இல்லை. அறையில் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு தனியாக உட்காரும்போது, சில நாள் கை தன்பாட்டில் போய் மூக்கின் பக்கத்தைத் தொட்டுவிடுகிறது. தொட்டபடியே கொஞ்ச நேரம் இருக்கிறேன். பிறகு சாப்பிடுகிறேன்.

உன் தம்பி